மேல்வீட்டில் விழுந்தது யார்?

தடியனுக்குப் படுக்கத் தெரியாது, விழத்தான் தெரியும்.

மற்ற நாய்கள் முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தாழ்த்திப் பக்குவமாகத் தரையில் அமரும். தடியன் முதலில் அசையாமல் நிற்பான். எங்கிருந்தோ ஒரு கெட்ட செய்தி வந்துவிட்டது போல முகம் தொங்கிப்போகும். அடுத்த நொடி, நான்கு கால்களையும் யாரோ ஒரே இழுப்பில் உருவிவிட்ட மாதிரி பக்கவாட்டில் 'தொம்' என்று சாய்வான். கன்றுக்குட்டி அளவு உடம்பு அவனுக்கு. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அதன்பின் வருமே ஒரு பெருமூச்சு! வாழ்நாள் முழுக்க மூட்டை சுமந்த மனிதன் கடைசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு விடுகிற மூச்சு அது. தடியன் சுமந்ததெல்லாம் தன் வயிற்றை மட்டும்தான்.

சாப்பாடு தாமதமானால் விழுவான். சாப்பாடு கிடைத்தாலும் விழுவான். குளிக்கக் கூப்பிட்டால், நின்ற இடத்திலேயே நெஞ்சில் குண்டு பாய்ந்தவன் போல விழுந்து, ஒரு காலை மட்டும் அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொள்வான். பழைய வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, கதவைத்தான் தட்டினேன்" என்று பார்சலைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

அவனை வளர்த்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, ஊரே 'பி.டி. டீச்சர்' என்றுதான் கூப்பிடும். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் உள்ள பிள்ளையைத் திட்டப் பழகிய குரல். வீட்டுக்குள் வந்ததும் குறைத்துக்கொள்ளும் வசதி அந்தக் குரலுக்குக் கிடையாது. கணவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். ஒல்லி உடம்பு, மெல்லிய பேச்சு. அவருடைய பத்து விரல்களும் ஒரே சமயத்தில் பிளாஸ்டர் இல்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு தேடியபோது, தரகர் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடியைக் காட்டினார். வீடு இருவருக்கும் பிடித்துவிட்டது. இறங்கும்போதுதான் தரகர், "இங்க நாய் மட்டும் கூடாது. செகரட்டரி அதுல ரொம்ப கண்டிப்பு" என்றார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தரகர் அந்தப் பார்வையைப் பார்த்தார்.

"குரைக்குமா?"

"குரைக்கவே மாட்டான்" என்றார் கண்ணாடிக்காரர். அது உண்மை. பழைய வீட்டில் திருடன் வந்தபோதுகூட, தடியன் அவன் எதிரில் போய் விழுந்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல."

இப்படித்தான் தடியன் திருட்டுத்தனமாகக் குடிபுகுந்தான். பெரிய கண்ணாடிகளை ஏற்றும் தள்ளுவண்டியில் அவனை ஏற்றி, மேலே கம்பளியைப் போர்த்தி, விடிந்ததும் கண்ணாடிக்காரர் பட்டறைக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் அதே கோலத்தில் திரும்பக் கொண்டுவருவார். விழுந்தால் எழுந்திருக்காத குணம் இதற்கு மட்டும் வசதியாக இருந்தது. ஒருநாள் செகரட்டரியே லிஃப்டுக்குள் வண்டியைத் தள்ள ஒரு கை கொடுத்தார். அவர் டயர் கடை வைத்திருப்பவர், கனம் தெரிந்தவர்.

"என்ன சார், கண்ணாடி இந்தக் கனம் கனக்குது?"

"ஒசத்தி சரக்கு சார்" என்றார் கண்ணாடிக்காரர், கம்பளிக்கு வெளியே நீண்டிருந்த வால் நுனியைத் தன் காலால் மறைத்துக்கொண்டு.

குரைக்காத நாயை ஒளித்துவைப்பது சுலபம். விழுகிற நாயை ஒளித்துவைப்பதுதான் பாடு. கூடம் முழுக்க ஜமுக்காளம் விரித்துப் பார்த்தார்கள். தடியனுக்குச் சில்லென்ற வெறுந்தரைதான் வேண்டும். ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் விழுந்தான். அவன் முகம் வாடும் கணத்தில் ஓடிப்போய் அடியில் தலையணையைத் தள்ளிவிடலாம் என்று ஒருமுறை கண்ணாடிக்காரர் பாய்ந்தார். தலையணை ஒரு பக்கம் போக, அவர் பாதத்தின் மேலேயே நாய் விழுந்தது. நாய் விழுந்த சத்தத்தோடு அவர் விழுந்த சத்தமும் சேர்ந்துகொண்டது.

கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு நர்ஸ். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. அடிபட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் "வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்பார்கள். எந்த வழுக்கல் உண்மையான வழுக்கல், எது வீட்டில் இன்னொருவர் கையால் வந்த வழுக்கல் என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். அல்லது, தெரியும் என்று நம்பினார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து தேநீரோடு உட்கார்ந்தபோது, மேலேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"டேய் தடியா! எங்கடா போய் ஒளியற? வா இங்க!"

மேலே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

"வரமாட்ட? நான் அங்க வந்தேன்னா தெரியும் சேதி!"

தொம்.

அதன்பின் ஒரு நீண்ட பெருமூச்சு. ஆண்பிள்ளையின் பெருமூச்சு.

"நடிக்காதே! எழுந்திரு! குளிச்சாத்தான் இன்னிக்குச் சோறு. சொல்லிட்டேன்!"

சிஸ்டர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஒல்லி மனிதரை மாடிப்படியில் அவர் பார்த்திருக்கிறார். அவரைப் போய்த் தடியன் என்பதா? குளிக்கச் சோம்பல்படுகிற மனிதராகவே இருக்கட்டும், அதற்காகச் சோற்றை நிறுத்துவதா, அடித்துக் கீழே தள்ளுவதா?

மறுநாள் காலையில் படியில் கண்ணாடிக்காரர் எதிரே வந்தார். ஒரு காலை விந்தி விந்தி நடந்தார்.

"கால்ல என்ன தம்பி?"

"வழுக்கிடுச்சு சிஸ்டர்."

சிஸ்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். "விரல்ல?"

"அது கண்ணாடி."

"கண்ணாடியை வீசற அளவுக்குப் போயிடுச்சா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர். என் தொழிலே..."

"எங்கிட்ட மறைக்காதீங்க தம்பி. எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற எல்லாருமே வழுக்கித்தான் விழுந்திருக்காங்க. இவ்வளவு வழுக்கற தரை இந்த ஊர்ல எங்கதான் இருக்குன்னு எனக்கே தெரியல. ஆம்பளைன்னா வெளிய சொல்ல வெக்கமா இருக்கும். சொன்னா யாரு நம்புவாங்கன்னு இருக்கும். நான் நம்பறேன். எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டுங்க."

கண்ணாடிக்காரருக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று சொல்லலாம். சொன்னால், 'அப்புறம் மேல விழறது என்ன?' என்று கேட்பார்கள். கேட்டால் தடியன் நடுத்தெருவில். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாய் திறந்து ஒப்புக்கொண்டிருந்தால்கூட சிஸ்டர் அவ்வளவு உறுதியாக நம்பியிருக்கமாட்டார்.

அன்று சாயங்காலமே மூடிபோட்ட டப்பா ஒன்று அவர் கைக்கு வந்தது. உள்ளே வறுத்த மீன். டீச்சர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. சமையல் மட்டும் பசிக்கு மருந்து என்கிற வகை. கண்ணாடிக்காரரின் சமையல் அதற்கும் ஒரு படி கீழே. அவர் அந்த மீனை மாடிப்படியில் நின்றபடியே தின்றார். தின்றபோது மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் மீன் அருமையாக இருந்தது. மறுநாளும் டப்பா வந்தது; அதன் மறுநாளும் வந்தது. வாலையும் தலையையும் தடியனுக்குக் கொடுத்து, அவனையும் கூட்டாளியாக்கிக்கொண்டார்.

சேதி மெல்லக் கட்டடம் முழுவதும் பரவியது. செகரட்டரி அவரை வண்டி நிறுத்துமிடத்தில் ஓரமாக அழைத்துத் தோளில் கை போட்டார்.

"என் வீட்டுலயும் குரல் பெருசுதான் சார். ஆனா கை நீளாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அசோசியேஷன் உங்க பின்னாடி நிக்கும்."

"பரவாயில்ல சார், பழகிடுச்சு" என்றார் கண்ணாடிக்காரர். நாயைப் பற்றித்தான் சொன்னார்.

டீச்சருக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவள் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருக்கும் ஆண்கள் அவசரமாக இறங்கி, "நாங்க படியிலயே போறோம், உடம்புக்கு நல்லது" என்றார்கள். தன்னைப் பார்த்து உடற்பயிற்சியில் ஆர்வம் வந்திருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒருநாள் லிஃப்டில் அவளிடம் ரகசியமாகக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

"டீச்சர்... எங்க வீட்டுல தினமும் ஈரத்துண்டைக் கட்டில் மேலயே போடறாரு. நீங்க முதல்ல எப்படி ஆரம்பிச்சீங்க?" கேட்டுவிட்டுக் கையை ஓங்கிக் காற்றில் ஓர் அறை விட்டுக் காட்டினாள்.

டீச்சர் அவளைப் பக்கத்துப் படியில் உட்காரவைத்து முழு விவரத்தையும் கறந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிக்காரர் கூடத்தில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். வாயில் மீன்.

"நான் உங்களை அடிக்கிறேனா?"

"மெதுவா பேசு..."

"அடிக்கிறேனான்னு கேக்கறேன்!"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"இல்லைன்னாவது சொன்னீங்களா?"

கண்ணாடிக்காரர் டப்பாவின் மூடியைப் பார்த்தார். "தடியனுக்காகத்தான் சும்மா இருந்தேன்."

"தடியனுக்காகவா, இந்த மீனுக்காகவா? ஊரெல்லாம் என்னை ராட்சசிங்குது. நாளைக்கு ஸ்கூல்ல எந்த அம்மா பிள்ளையை என்கிட்ட விடுவா? நீங்க இங்க உக்காந்து முள்ளு எடுத்துக்கிட்டு இருக்கீங்க!" கடைசி வார்த்தை வரும்போது அவள் குரல் உடைந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தக் குரல் உடைந்து அவர் கேட்டதில்லை. அவர் டப்பாவை மூடக் கையில் எடுத்தார்.

தன் பெயர் அடிபடுவதைக் கேட்டுத் தடியன் உள்ளறையிலிருந்து வந்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டில் சண்டை அவனுக்குத் தாங்காது. முகம் தொங்கியது.

தொம்.

பதறி எழுந்த கண்ணாடிக்காரர் கையிலிருந்து டப்பா விழுந்து தரையெல்லாம் உருண்டது. "ஹூ...ம்" என்று தடியன் மூச்சு விட்டான்.

கீழே சிஸ்டர் அதற்குமேல் பொறுக்கவில்லை. செகரட்டரியை அழைத்துக்கொண்டு படியேறினார். கதவு இடிபடுகிற சத்தம் கேட்டதும் கண்ணாடிக்காரர் கம்பளியைத் தேடி ஓடினார். டீச்சர் அவரைத் தடுத்தாள்.

"போதும். வீடு போனா போகட்டும்."

கதவை அகலமாகத் திறந்தாள். "வாங்க சிஸ்டர். யாரைத் தேடி வந்தீங்களோ, அவன் உள்ளதான் கிடக்கான். பாருங்க."

சிஸ்டர் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் தடியன் ஒரு காலை அந்தரத்தில் தூக்கி, நாக்கை ஓரமாகத் தொங்கவிட்டுக் கிடந்தான். சுற்றிலும் மீன் சிதறிக் கிடந்தது. பழக்கதோஷத்தில் சிஸ்டர் மண்டியிட்டு, தொடை இடுக்கில் விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாடி இருக்கு."

வாசலிலேயே நின்ற செகரட்டரி, "அப்பாடா! சார் பேசறாரா?" என்றார்.

"சாருக்கு இல்ல. நாய்க்கு."

"நாயா? நாயை வேற அடிச்சுப் போட்டாங்களா?"

அந்நேரம் தடியன் ஒரு கண்ணைத் திறந்தான். புதுமுகங்களைக் கண்டதும் எழுந்து, ஒருமுறை உதறிக்கொண்டு, நேராகச் செகரட்டரியிடம் போனான். அவரை அண்ணாந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் எல்லா நம்பிக்கையும் போனவன் போல அவருடைய பாதங்களின் மேலேயே சாய்ந்தான். செகரட்டரி நகர முடியாமல் நின்றார்.

"இந்தச் சத்தம்தான் சிஸ்டர்" என்றாள் டீச்சர். "நான் திட்டினதும் இவனைத்தான். குளிக்கச் சொன்னதும் இவனைத்தான்."

சிஸ்டர் மெல்ல எழுந்து கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "அப்ப நான் கொடுத்த சாப்பாடு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சிஸ்டர்" என்றார் அவர். எத்தனையோ பதில் இருக்க, வாயில் வந்தது அதுதான்.

சிஸ்டர் தரையில் கிடந்த டப்பாவையும் மூடியையும் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். செகரட்டரியும் போயிருப்பார், ஆனால் கால் இரண்டும் நாய்க்கு அடியில் இருந்தன. "ரூல்னா ரூல்தான் சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். "யாராவது இதைக் கொஞ்சம் தூக்கறீங்களா?"

அசோசியேஷன் கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே டீச்சர்தான். வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, தரகர் சொன்னது முதல் மீன் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று, "இவ என்னை அடிச்சதே இல்ல. பொய்யா பரிதாபம் வாங்கித் தின்னவன் நான்தான்" என்றார். மெல்லிய பேச்சு. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை அவர் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தண்டனையை அசோசியேஷனால் கொடுத்திருக்க முடியாது.

பிறகு நாய் விஷயம். நாய் கூடாது என்றதற்குக் காரணம் அசுத்தமும் சத்தமும் என்றார் செகரட்டரி. அசுத்தம் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. சத்தம் எப்படி என்று சிஸ்டர் வீட்டில் உட்கார்ந்து கமிட்டிக்காரர்கள் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. சிஸ்டர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். கமிட்டி முழுவதும் அவர் கூடத்தில் அமர்ந்து கூரையைப் பார்த்தது.

மேலே தடியன் நின்றுகொண்டிருந்தான்.

"படுடா" என்றாள் டீச்சர். வாலை ஆட்டினான். ஏமாற்றி ஜெயிக்க அவளுக்கு மனமில்லை. விழுகிற சத்தம் உள்ளபடி கேட்கட்டும் என்று நினைத்தாள். சோற்றுத் தட்டைக் காட்டினாள். மரியாதையாக உட்கார்ந்தான். "குளிக்கப் போலாமா?" என்றாள். அவன் எழுந்து குளியலறைப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். பிறந்ததிலிருந்து இல்லாத ஒழுக்கம் அன்று அவனுக்கு எங்கிருந்தோ வந்திருந்தது.

"இப்படிடா! இப்படி!" என்று கண்ணாடிக்காரர் பொறுமையிழந்து, முகத்தைத் தொங்கப் போட்டு, நின்றவாக்கில் பக்கவாட்டில் விழுந்து காட்டினார்.

தொம்.

கீழே கமிட்டி துள்ளி எழுந்தது. "கேட்டுச்சு! நல்லாவே கேட்டுச்சு!" செகரட்டரி படிகளில் பாய்ந்து ஏறிவந்து பார்த்தால், தரையில் கண்ணாடிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். தடியன் பக்கத்தில் நின்று, அக்கறையோடு அவர் காதை நக்கிக்கொண்டிருக்கிறான்.

செகரட்டரி வெகுநேரம் தாடையைத் தடவினார். "நாய் விழுந்தா கூடாதுன்னு சொல்லலாம். வீட்டுக்காரர் விழுந்தா கூடாதுன்னு எந்த ரூலும் இல்லையே சார்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அதற்குமேல் கண்டிப்பாக இருப்பது அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. வாரக் கடைசியில் தன் கடையிலிருந்து தடித்த ரப்பர் விரிப்புகளைக் கொண்டுவந்து, அந்த வீட்டுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல் தானே போட்டுக் கொடுத்தார். தடியன் சில்லென்ற தரையைத் தேடி மோப்பம் பிடித்து அலைந்து, கிடைக்காமல், கடைசியில் ரப்பரின் மேலேயே விழுந்தான். 'பொத்' என்று மட்டும் கேட்டது. அவனுக்கே அது ஏமாற்றமாக இருந்திருக்கும். பெருமூச்சு வழக்கத்தைவிட நீளமாக வந்தது.

ஆனால் சிஸ்டர் பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் கண்ணாடிக்காரரைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். டீச்சரைக் கண்டால் பூட்டிய கதவை மறுபடி பூட்டுவது போல நின்றார். அவருக்குக் கோபம் பாதி, கூச்சம் பாதி.

ஒருநாள் சாயங்காலம் டீச்சர் தடியனை வெளியே அழைத்துப் போகக் கீழே வந்தபோது, சிஸ்டர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். காலில் இன்னும் வேலைக்குப் போடுகிற ஷூ. முகம் களைத்துக் கறுத்திருந்தது.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்."

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் டீச்சர்" என்றார் சிஸ்டர், சாவியைப் பார்த்தபடி. "உங்க பேரைக் கெடுத்ததே நான்தான். எப்படி மூஞ்சியில முழிக்கறதுன்னு தெரியல."

"எனக்குக் கோபம் வந்துச்சு. பொய் சொல்லல, அழுகைகூட வந்துச்சு. ஆனா நான் அன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். மேல யாரோ அடி வாங்கறாங்கன்னு நினைச்சதும் நீங்க ஏறி வந்து கதவை இடிச்சீங்க. இந்தக் கட்டடத்துல வேற யாரு தானா வந்தா? எல்லாரும் லிஃப்டை விட்டு இறங்கிப் போனாங்க, அவ்வளவுதான். நாளைக்கு வேற வீட்டுல சத்தம் கேட்டா, இதுவும் நாயாத்தான் இருக்கும்னு சும்மா இருந்துடாதீங்க."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கமாட்டேன்" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரரை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு மன்னிக்கிறதா இல்ல. வறுத்தது எல்லாம் நல்ல மீன்" என்றார்.

"நானே இன்னும் மன்னிக்கல. தினம் பாத்திரம் அவருதான் தேய்க்கிறாரு."

இருவரும் பேசிக்கொண்டிருக்கையில், திறந்த கதவு வழியாகத் தடியன் உள்ளே போய்விட்டான். சிஸ்டர் வீட்டுக் கூடத்தில் ரப்பர் கிடையாது. வழவழவென்று சில்லென்ற தரை. அவன் நடுக்கூடத்தில் நின்றான். முகம் வாடியது.

தொம்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனந்தமான ஒரு பெருமூச்சு வாசல் வரை வந்தது. டீச்சர் பதறி உள்ளே ஓடப் போனாள். சிஸ்டர் கையை நீட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும் விடுங்க. நாள் முழுக்க நின்னுட்டு வந்தவ நான். விழறது இவன் மட்டும்தானா?"

ஷூவைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பையைச் சோபாவில் வீசினார். தடியனுக்குப் பக்கத்தில் போய், சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, அப்படியே தரையில் மல்லாந்து கையையும் காலையும் விரித்துக்கொண்டார்.

"தரை என்னமா குளுகுளுன்னு இருக்கு டீச்சர்" என்றார் கூரையைப் பார்த்தபடி. "வாங்க, கதவைச் சாத்திட்டு வாங்க."